எந்தத் தோல் உழைக்கும்?

கொங்கு நாட்டுக் கிணறுகளுக்கு மின்மோட்டார் வரும் முன்பு கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு சால் எனும் வாளியை மேலே இழுக்கும். சாலின் அடியில் கட்டிய தோல் தும்பி மடிந்தபடியே மேலேறி, விளிம்பைத் தாண்டியதும் நிமிர்ந்து தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். விடிகாலை தொடங்கி வெயில் ஏறும்வரை அதே மடிப்பு, அதே நனைப்பு, அதே கல் உரசல். பிறகு நாளெல்லாம் காய்ச்சல். தும்பி கிழிந்தால் அன்றைக்குப் பாய்ச்சல் இல்லை. அதனால் எந்தத் தோல் உழைக்கும் என்ற கேள்வி கொங்கு உழவருக்கு வயிற்றோடு ஒட்டிய கேள்வியாக இருந்தது.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்த முக்கியமான பயன்களில் ஒன்று இந்தக் கவலைத் தோல்தான். மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஊறுவதும் காய்வதுமாக இருந்து சீக்கிரம் கெட்டுப்போனது. குரோமியத்தில் பதனிட்டது கூடுதல் காலம் தாங்கியது. பிறகு 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்க, அந்த இடமே குரோம்பேட்டை ஆனது.

இன்று தும்பியும் இல்லை, சாலும் இல்லை. ஆனால் பெருந்துறையிலிருந்து பைக்கில் ஊட்டிக்கும் பெங்களூருக்கும் போகிற இளைஞர்கள் தோல் ஜாக்கெட் வாங்கும்போது கேட்பது அதே கேள்வியைத்தான். கடைக்காரர் மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி என்று துண்டுகளை எடுத்துப் போடுகிறார். கனமான தோல்தான் உழைக்கும் என்று வாங்குபவரின் கை முதலில் மாட்டுத் தோலுக்குப் போகிறது. இங்கேதான் ஒரு புதிர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெள்ளாட்டுத் தோல் ஒன்றையும், அதே கனத்துக்குச் சீவி மெலிதாக்கிய மாட்டுத் தோல் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் ஓரத்திலும் கத்தரியால் சிறு வெட்டுப் போட்டு இழுத்தால், பல நேரங்களில் மாட்டுத் தோல்தான் முதலில் கிழியும். பெரிய, பலமான விலங்கின் தோல் ஏன் தோற்கிறது?

இதற்குப் பதில் தோலின் உள்ளே இருக்கிறது. மயிரையும் மேல்தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே பொருள்: கொலாஜன் என்ற புரதம். நம் எலும்பிலும் தசைநாரிலும் இருப்பது இதுதான். இதன் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்னது சென்னைதான். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன், கொலாஜனின் அமைப்பைக் கண்டறிய முனைந்தார். அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து அவருக்குக் கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. அதில் கொலாஜன் மிக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் என்பதால் எக்ஸ்ரே படம் தெளிவாக விழும். அந்தப் படத்தின் புள்ளிகளையும் வளைவுகளையும் வைத்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் அமைப்பை முன்வைத்தார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரிச்சுருள் அது. அடுத்த ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள்.

தேங்காய் நார்க் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குவார்கள். பிறகு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். அப்போதுதான் இழுக்க இழுக்க முறுக்கு அவிழாமல் இன்னும் இறுகும். கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகச் சுற்றிக்கொள்கின்றன. சங்கிலிகள் இவ்வளவு நெருக்கமாகச் சுற்ற வேண்டுமானால் நடுவில் இடம் அடைக்காத ஒன்று இருக்க வேண்டும். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது அது. அந்தச் சிறியது சுருளின் உட்பக்கம் விழுவதால்தான் முறுக்கு இறுகுகிறது. இப்படி அமைந்த ஒரு மூலக்கூறு 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன். பல மூலக்கூறுகள் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கட்டு. இந்தக் கட்டுகள் எல்லாத் திசைகளிலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக் கிடக்கும் பரப்புதான் தோல்.

மூலக்கூறு எல்லா விலங்குக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒரு தோல் உழைப்பதும் உழைக்காததும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. இழைகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்பது ஒன்று. பதனிட்டவர் அவற்றை எதைக் கொண்டு பிணைத்தார் என்பது இன்னொன்று.

முதலில் இழைகள். தோலின் குறுக்கே வெட்டி விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரியும். மேலே மயிர்க்கால்கள் இருந்த முகப்பு அடுக்கு. இங்கே இழைகள் மிக மெல்லியவை. பார்வைக்கு அழகு, தொட்டால் வழவழப்பு, ஆனால் பலம் குறைவு. கீழே இருப்பது வலை அடுக்கு. இதில்தான் தடித்த கட்டுகள் பின்னிக் கிடக்கின்றன, தோலின் பலமெல்லாம் இங்கேதான். மாட்டுத் தோல் பல மில்லிமீட்டர் கனம் கொண்டது. எருமைத் தோல் 6 மில்லிமீட்டரையும் தாண்டும். அதை அப்படியே ஜாக்கெட்டாகத் தைத்தால் போட்டுக்கொண்டு கையைக்கூட மடக்க முடியாது. ஆகவே பதனிடும் ஆலையில் பட்டைக் கத்தி எந்திரத்தில் கொடுத்துக் குறுக்காகப் பிளந்து, முகப்புப் பக்கத்தை மட்டும் மெலிதாக எடுக்கிறார்கள். மாட்டின் முகப்பு அடுக்கே கணிசமான கனம் உடையது. ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே சீவும்போது பலமான வலை அடுக்கில் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது, எஞ்சிய கட்டுகளும் நடுவில் அறுந்தவை. வெள்ளாட்டுத் தோல் இயற்கையிலேயே மெலிது. அதைப் பிளக்க வேண்டியதில்லை, மேலிருந்து கீழ்வரை முழுத் தோலும் ஜாக்கெட்டுக்குள் வந்துவிடுகிறது. புதிருக்கு விடை இதுதான். கனத்தைப் பார்த்து வாங்குவதைவிட, விலங்கின் சொந்தக் கனத்திலிருந்து எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்குவது மேல்.

பிளந்தெடுத்த அடிப்பகுதியும் வீணாவதில்லை. முகப்பு இல்லாத அந்தத் தோலின் மேல் பாலியூரித்தேன் பூசி, மயிர்க்கால் அச்சும் குத்தி விற்பார்கள். கடையில் ‘ஒரிஜினல் லெதர்’ என்று சொன்னால் அது பொய் ஆகாது. ஆனால் பூச்சு வெடித்துவிட்டால் அதன் அழகு போய்விடும். தோல் தூளையும் சீவலையும் பசையில் ஒட்டிச் செய்த பொருள் இன்னும் மோசம். அதில் தொடர்ந்து ஓடும் இழையே கிடையாது.

இழைகள் படுத்திருக்கும் கோணம் உண்மையிலேயே பலத்தைத் தீர்மானிக்கிறதா? நீண்ட காலம் இது தோல்காரர்களின் அனுபவ அறிவாகவே இருந்தது. நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹேவர்கேம்ப் குழுவினர் இதை அளந்து பார்த்தார்கள். மெலிந்த தோல் சீவலை மெல்போர்னில் உள்ள சின்க்ரோட்ரான் எக்ஸ்ரேக் கற்றையின் முன் நிறுத்தி, கதிர் எந்தத் திசையில் சிதறுகிறது என்று பதிவு செய்தார்கள். நுண்ணிழைகள் ஒரே போக்கில் கிடந்தால் சிதறலும் ஒரு திசையில் கூடும், தாறுமாறாகக் கிடந்தால் வட்டமாகப் பரவும். இப்படி ஒவ்வொரு புள்ளியிலும் இழைகளின் திசையை அறிந்து, அதே தோலைக் கிழித்து விசையையும் அளந்தார்கள். 2011இல் வெளியான முடிவு தெளிவானது. நுண்ணிழைகள் தோலின் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் கிழிப்பது கடினம். மேலும் கீழுமாகச் செங்குத்தாக நிறைய ஓடினால் எளிதில் கிழியும். மாட்டுத் தோலில் அவை படுத்திருந்தன, அவர்கள் எடுத்த செம்மறித் தோலில் குத்திட்டு நின்ற இழைகள் அதிகம். பின்னர் வேறு பல விலங்குகளின் தோலிலும் இதே உறவைக் கண்டார்கள்.

நியூசிலாந்துச் செம்மறி கம்பளி ஆடு என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. செம்மறித் தோல் என்றாலே நைந்துபோகும் என்ற பேச்சு உலகம் முழுக்க இருக்கிறது, அது பெரும்பாலும் கம்பளி ஆட்டைப் பற்றிய பேச்சு. கம்பளிக்கு மயிர்க்கால்கள் நெருக்கமாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி வேண்டும். முகப்புக்கும் வலை அடுக்குக்கும் நடுவே கொழுப்பும் சேரும். பதனிடும்போது இவையெல்லாம் கரைந்து வெளியேறுகின்றன, இருந்த இடம் வெற்றிடமாகிறது. அதனால் தோல் பஞ்சு போல உப்பி, நாளடைவில் முகப்பு தனியாகவும் அடி தனியாகவும் பிரிந்து வரும்.

கொங்கு நாட்டில் இரண்டு வகை ஆடும் உண்டு. கோயம்புத்தூர் ஆடு, குறும்பை என்றும் சொல்வார்கள்: தலையும் கழுத்தும் கருப்போ பழுப்போ கலந்த வெள்ளை ஆடு, உடம்பில் முரட்டுக் கம்பளி. சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயர் கொண்ட மேச்சேரி ஆடு வேறு: செம்பழுப்பு நிறம், கம்பளியே கிடையாது, குட்டையான மயிர் மட்டும். ஈரோடு வரை பரவியுள்ள இந்த இனத்தின் தோல், நாட்டின் செம்மறித் தோல்களில் உயர்ந்த தரம் என்று தோல் வணிகத்தில் பெயர் பெற்றது. மயிர்க்கால்கள் குறைவு, கொழுப்பு குறைவு, அதனால் அடுக்குகள் இறுகப் பிணைந்திருக்கின்றன. பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆட்டை இறைச்சிக்காகத்தான் விற்கிறோம், தோல் வெட்டுக்கூலியோடு போய்விடுகிறது. உலகின் உயர்ந்த கையுறைகளுக்கும் ஜாக்கெட்டுகளுக்கும் தேடப்படும் வகைத் தோல் நம் பட்டியிலேயே இருக்கிறது என்பது வளர்ப்பவர்களுக்கே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

விலங்கு வாழ்ந்த வாழ்க்கையும் தோலில் எழுதப்பட்டிருக்கும். கொங்கு மேய்ச்சல் காடுகளுக்கு வேலியே கிளுவை முள்தான். அதில் உரசிய கீறல் ஆறினாலும், வடு இருந்த இடத்தில் இழைகள் பழைய பின்னலாகத் திரும்பி வருவதில்லை. உண்ணி கடித்த இடத்தில் ஊசிமுனை அளவு குழி நிற்கும். மாட்டுக்குச் சூடு போட்ட இடம் பலகை போல விறைத்திருக்கும், அம்மை வந்த ஆட்டின் தோலில் புள்ளிகள். ஆறிய கீறல் பெரும்பாலும் தோற்றக் குறைதான், அதை நான் பொருட்படுத்த மாட்டேன். உண்ணிக் குழி நெருக்கமாக இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட வேண்டும், ஏனென்றால் மடிப்பு விழும் இடத்தில் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரே தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகெலும்பின் இரு பக்கமும் பின்னல் இறுக்கமானது. வயிற்றுப் பக்கம் தளர்ந்தது, ஏனென்றால் தின்றதற்கும் சினைக்கும் ஏற்ப விரிந்து சுருங்க வேண்டிய இடம் அது. கழுத்தில் சுருக்கம் இருக்கும். நல்ல தையற்காரர் முதுகுப் பகுதியைத் தோளுக்கும் முழங்கைக்கும் வெட்டுவார், வயிற்றுப் பகுதியை அக்குளின் உட்புறத்துக்கோ கண்ணுக்குத் தெரியாத மடிப்புக்கோ ஒதுக்குவார். ஆட்டுத் தோல் ஒன்று நான்கைந்து சதுர அடிதான் வரும் என்பதால் ஒரு ஜாக்கெட்டுக்குப் பல தோல்கள் வேண்டும். கனமும் இறுக்கமும் ஒத்த தோல்களைச் சேர்ப்பதில்தான் மலிவான ஜாக்கெட்டும் நல்ல ஜாக்கெட்டும் பிரிகின்றன.

இனி இரண்டாவது விஷயம், பிணைப்பு. பச்சைத் தோலை நீரில் போட்டு மெல்லச் சூடாக்கினால் 60 பாகை செல்சியஸை ஒட்டி அது சட்டென்று சுருண்டு சுருங்கும். முப்புரிச்சுருளின் முறுக்கு அவிழ்ந்துவிட்டது என்று பொருள். இதைச் சுருங்கு வெப்பநிலை என்கிறார்கள். பதனிடுவது என்பது சங்கிலிகளுக்கு நடுவே புதிய பிணைப்புகளைப் போட்டு இந்த வெப்பநிலையை உயர்த்துவது, கூடவே நுண்ணுயிரிகளுக்கு இரையாகாமல் செய்வது. பட்டையில் பதனிட்டால் 70 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமியத்தில் நன்றாகப் பதனிட்டால் கொதிநீரிலும் சுருங்காது. ஆலையில் இன்றும் சிறு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். குரோமியம் கொலாஜனின் அமிலக் கிளைகளை நேராகப் பற்றிக்கொள்கிறது. பட்டையின் டானின் பெரிய மூலக்கூறு, பல இடங்களில் மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொண்டு இழைகளின் இடைவெளியை நிரப்புகிறது. அதனால் பட்டைத் தோல் கனமும் விறைப்பும் உள்ளது, குரோம் தோல் இலகுவானது, நனைந்தாலும் விரைவில் பழைய நிலைக்கு வரும்.

ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஊர்களின் பழைய பெருமை பட்டைத் தோல்தான். நம் மேட்டுக்காட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையின் பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து, எண்ணெய் தடவி அனுப்பிய தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. பின்னால் ஆவாரைக்குப் பதில் வாட்டில் மரப்பட்டைச் சாறு வந்தது. இந்தத் தோலுக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு.

ஆனால் ஊர்ப் பாசத்துக்காக ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் நூலகங்களில் புத்தக அட்டைத் தோல்கள் செந்தூளாக உதிரத் தொடங்கின. 1900இல் கலைச் சங்கம் ஒரு குழு அமைத்தது. வெவ்வேறு காலத்து அட்டைகளைப் பிரித்துப் பார்த்து, வெவ்வேறு பட்டைகளில் பதனிட்ட தோல்களை வெளிச்சத்திலும் விளக்கு வாயுவின் புகையிலும் வைத்துச் சோதித்தார்கள். விரைவில் உதிர்ந்தவற்றில் முன்னால் நின்றது நம் ஆவாரம்பட்டை ஆட்டுத் தோல். பட்டை டானின்கள் இரண்டு குடும்பம். ஆவாரை, வாட்டில் இவற்றில் இருப்பது செறிவு டானின். கடுக்காயில் இருப்பது நீராற்பகு டானின். நிலக்கரிப் புகையின் கந்தகம் தோலில் அமிலமாக மாறும்போது, செறிவு டானின் கொண்ட தோலில் கொலாஜன் வேகமாக அறுபடுகிறது. செறிவு டானின் உடனே அழகான நிறமும் மென்மையும் தரும், ஆனால் புகையும் வெயிலும் படும் இடத்தில் ஆயுள் குறைவு.

பைக் ஜாக்கெட் நாளெல்லாம் வெயிலிலும் வண்டிப் புகையிலும் வியர்வையிலும் கிடப்பது. முழுப் பட்டைத் தோலை அதற்கு நான் சொல்ல மாட்டேன். கைப்பைக்கும் பெல்ட்டுக்கும் அது நன்று. ஆனால் பட்டையில் பதனிட்ட அதே தோலை மறுபடி குரோமியத்தில் பதனிடும் செமி குரோம் முறை நம் ஆலைகளுக்கு நன்றாகத் தெரிந்தது. பட்டையின் நிறைவும் குரோமியத்தின் வெப்பத் தாங்குதிறனும் அதில் சேர்ந்து வருகின்றன.

குரோம் தோலின் விலை கடையில் மட்டும் கொடுத்து முடிவதில்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் ஆகும். வழக்கமான முறையில் போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகும். அதைவிடப் பெரிய தொல்லை, தோல் அழுகாமல் இருக்கப் போட்ட உப்பு. குரோமியத்தைக் கசடாகப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பைப் பிரிப்பது செலவு பிடித்த வேலை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளின் வழக்கில், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெருந்துறை சிப்காட்டில் சாயப் பட்டறைகளோடு தோல் ஆலைகளும் இருக்கின்றன, சுற்றுக் கிராமங்களில் கிணற்று நீர் கெட்டுவிட்டது என்ற குறை பல ஆண்டுகளாகக் கேட்கிறது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தண்ணீரில்லாமல் குரோம் பதனிடும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஜாக்கெட் வாங்குபவர், பதனிட்ட ஆலை எது, அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டால் கடைக்காரர் முதலில் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் பதிலோடு வருவார்.

கடைசியாகக் கடையில் செய்யக்கூடியவை. தைக்காத துண்டு ஒன்று கேளுங்கள். வெட்டு விளிம்பில் இழைகள் மேலிருந்து கீழ்வரை பிரிவில்லாமல் தெரிய வேண்டும். நடுவில் துணி நெசவு தெரிந்தால் அது ரெக்சின். முகப்பை உட்பக்கமாக வைத்து மடித்துப் பாருங்கள். மெல்லிய சுருக்கங்கள் விழுந்து விரித்ததும் மறைந்தால் அடுக்குகள் இறுக்கமாக இருக்கின்றன. பெரிய உப்பிய சுருக்கம் விழுந்தால் அது வயிற்றுப் பகுதியாகவோ கம்பளி ஆடாகவோ இருக்கும். ஓரத்தில் வெட்டுப் போட்டு இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். பிறகு, எதற்காக வாங்குகிறோம் என்று முடிவு செய்யுங்கள். கீழே விழுந்தால் தார்ச்சாலையில் தேய வேண்டிய ஜாக்கெட்டுக்குக் கனம் உண்மையிலேயே வேண்டும். தேய்மானம் கிழிசலைப் போன்றதல்ல, தேய்வதற்குப் பொருள் இருந்தாக வேண்டும். அங்கே 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத் தோல் அல்லது எருமைத் தோல்தான் சரி, அந்தக் கனத்தில் வலை அடுக்கும் போதிய அளவு மிஞ்சியிருக்கும். நகரத்துக்குள் ஓட்டவும் மலைக் குளிருக்கும் என்றால், பிளக்காத வெள்ளாட்டுக் குரோம் தோல், 0.8 மில்லிமீட்டரை ஒட்டியது. இலகுவாகவும் மென்மையாகவும் வேண்டும் என்றால் மேச்சேரி வகை மயிர்ச் செம்மறி. தையல் நூல் பருத்தியாக இல்லாமல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்கட்டும். ஊசித் துளைகள் மிக நெருக்கமாக இருந்தால் எவ்வளவு நல்ல தோலும் அந்த வரிசையில்தான் கிழியும்.